விக்கிக்கு ஒரு தேடல் பெட்டி: எந்த வழியில் போவது?

ஒரு விக்கியில் நாற்பது ஐம்பது பக்கங்கள் இருக்கும்வரை தேடல் பெட்டியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. முதற்பக்கத்தில் ஒரு பட்டியல், பக்கத்துக்குப் பக்கம் உள்ளிணைப்புகள், அவ்வளவில் வேலை நடந்துவிடும். இருநூறு முந்நூறைத் தாண்டும்போதுதான் சிக்கல் தெரியவரும். அது வாசகர்களின் புகாராகவும் வராது. ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பக்கங்களாக வரும்.

நான் சில ஆண்டுகள் பராமரித்த ஒரு விக்கியில் "காப்பு நகல் எடுப்பது" என்று ஒரு பக்கம் இருந்தது. "பேக்கப் எடுக்கும் முறை" என்று இன்னொன்று. "தரவைப் பத்திரப்படுத்துதல்" என்று மூன்றாவது. எழுதிய மூவருமே பொறுப்பானவர்கள். முதலில் தேடிப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை, அதனால் எழுதியிருக்கிறார்கள். அங்கே இருந்தது தலைப்பில் மட்டும் தேடும் பெட்டி. உள்ளே இருந்த உரையில் மூன்று சொற்களுமே வந்திருந்தன என்பது அவற்றை ஒன்றாகச் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றிலும் ஆளுக்கொரு பகுதிதான் சரியாக இருந்தது. அந்த வேலை முடிய ஒரு வாரம் ஆனது.

அன்றிலிருந்து விக்கித் தேடலுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எழுத உட்கார்ந்தவருக்கு ஏற்கெனவே இருக்கும் பக்கத்தை அது காட்டுகிறதா? சாதாரண இணையதளத்தில் தேடல் தவறினால் ஒரு வாசகர் வேறு தளத்துக்குப் போய்விடுவார், அதோடு சரி. விக்கியில் தேடுபவரே எழுதுபவரும். அங்கே தேடல் தவறும் ஒவ்வொரு முறையும் ஒரு தேவையற்ற பக்கம் முளைக்க வாய்ப்பிருக்கிறது. அடுத்து தேடுபவருக்கு அதுவும் குறுக்கே நிற்கும்.

இந்த அளவுகோலோடுதான் கீழே உள்ள வழிகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப் போவதில்லை. பெரும்பாலான விக்கிகளுக்கு டேட்டாபேஸிலேயே இருக்கும் உரைத்தேடல்தான் பொருந்தும் என்பது என் முடிவு. தமிழில் எழுதப்படும் விக்கிகள் தடுக்கி விழும் இடங்களும் அங்கேதான் அதிகம், அதனால் அந்தப் பகுதி நீளும்.

வெளித் தேடுபொறியை ஒட்டிக்கொள்வது

மிக எளிதாகச் செய்யக்கூடியது இது. கூகுள் 2006-ல் தொடங்கிய சேவை ஒன்று இப்போது புரோகிராமபிள் சர்ச் எஞ்சின் என்ற பெயரில் இருக்கிறது. அதில் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுத்து, அவர்கள் தரும் சில வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால் பெட்டி தயார். இலவசமாக எடுத்தால் முடிவுகளோடு விளம்பரமும் வரும். விளம்பரமில்லாத கட்டணச் சேவையாக கூகுள் சைட் சர்ச் என்ற ஒன்று இருந்தது, அது 2018-ல் நிறுத்தப்பட்டது. தளத்தின் முக்கியமான ஓர் உறுப்பை வெளியாரிடம் விடும்போது இப்படி ஒரு நாள் வரலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேடலின் தரத்தில் குறை சொல்ல முடியாது. எழுத்துப்பிழையைக் கண்டுகொள்ளும், வேறு சொல்லில் கேட்டாலும் ஓரளவு புரிந்துகொள்ளும். ஆனால் விக்கிக்கு வேண்டிய முதல் தகுதியே இதில் கிடையாது. இன்று காலை சேமித்த பக்கம், அந்த நிறுவனத்தின் தானியங்கி வந்து படித்துப்போன பிறகுதான் முடிவுகளில் வரும். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்களும் ஆகலாம், வராமலே போகவும் கூடும். புதிதாக எழுதப்பட்ட பக்கங்களைத்தான் அடுத்தவர் மறுபடி எழுதும் ஆபத்து அதிகம். அந்தப் பக்கங்களைத்தான் இந்தப் பெட்டி காட்டாது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் வரலாறு, பழைய பதிப்பு, இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடு என்று நூற்றுக்கணக்கான முகவரிகள் இருக்கும். தானியங்கிகள் அவற்றுக்குள் நுழைந்தால் சர்வருக்கும் சுமை, முடிவுகளிலும் பழைய உரை கலக்கும். அவற்றைத் தடுத்து வைப்பது தனி வேலை. உள்நுழைந்தால் மட்டுமே படிக்க முடியும் என்று வைத்திருக்கும் விக்கிக்கோ இந்த வழியே கிடையாது.

வெளியிலிருந்து வருகிற வாசகருக்காகத் தேடுபொறிகள் உங்கள் பக்கங்களைப் படிக்கட்டும், அது தேவைதான். உள்ளே இருக்கும் பெட்டியை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாம்.

எல்லாப் பக்கங்களையும் படித்துத் தேடுவது

இன்டெக்ஸ், அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே எடுத்து வைக்கும் பட்டியல், எதுவும் கட்டாமல், கேட்கும்போதெல்லாம் முழு உரையையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்ப்பது. பக்கங்கள் கோப்புகளாக இருந்தால் கிரெப் என்ற கட்டளை, டேட்டாபேஸில் இருந்தால் லைக் என்ற கட்டளை. விக்கியின் தொடக்க காலத்திலிருந்தே இருக்கும் வழி இது. 1995-ல் வார்டு கன்னிங்காம் தொடங்கிய முதல் விக்கியில், பக்கத்தின் தலைப்பைச் சொடுக்கினால் அந்தப் பெயர் வேறு எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று தேடிக் காட்டும். டிவிக்கி என்ற விக்கி மென்பொருளிலும் நீண்ட காலம் கிரெப்தான் தேடல்.

இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் சராசரியாக 5 கிலோபைட் என்றால், ஆயிரம் பக்கங்கள் சேர்ந்து 5 மெகாபைட்தான். நினைவகத்தில் இருக்கும் 5 மெகாபைட்டைப் படிக்க இன்றைய கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம். இன்டெக்ஸ் இல்லாததால் இன்டெக்ஸ் பழசாகிப் போகும் கவலையும் இல்லை. சேமித்த அடுத்த நொடியே பக்கம் கிடைக்கும், நீக்கினால் அடுத்த நொடியே மறையும். தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: சொல்லின் நடுவிலும் பொருந்தும் என்பதால், "நூல்" என்று தேடினால் "நூல்கள்", "பாடநூல்" எல்லாம் வந்துவிடும்.

குறை எங்கே என்றால் வரிசைப்படுத்தலில். சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் இதற்குத் தெரியும், எந்தப் பக்கம் அந்தச் சொல்லைப் பற்றியது என்று தெரியாது. முந்நூறு பக்கங்களில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. மூவாயிரத்தில் அறுபது முடிவுகள் அகரவரிசையில் வந்து நின்றால் யாரும் அறுபதையும் திறந்து பார்க்க மாட்டார்கள், புதிதாகவே எழுதிவிடுவார்கள். லட்சம் பக்கங்கள் என்றால் 500 மெகாபைட். ஒவ்வொரு தேடலுக்கும் அவ்வளவையும் படிக்க வேண்டும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் தேடினால் சர்வர் திணறும். லைக் கட்டளையில் சொல்லுக்கு முன்னால் சதவீதக் குறி போட்டால் டேட்டாபேஸின் சாதாரண இன்டெக்ஸும் உதவாது.

சில நூறு பக்கங்கள், சில பத்துப் பேர் என்றால் இதிலேயே தொடங்குங்கள். தலைப்பில் பொருந்தியதை மேலே வைத்து, மற்றதைக் கீழே வைத்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. பக்கங்களை வெறும் உரைக் கோப்புகளாக வைத்திருந்தாலும், அது தனக்கென்று ஒரு சொல் இன்டெக்ஸைக் கட்டிக்கொள்கிறது. யாராவது ஒரு பக்கத்தைத் திறக்கும்போது பின்னணியில் ஒரு சிறு அழைப்பு போய், அந்தப் பக்கம் மாறியிருந்தால் இன்டெக்ஸைப் புதுப்பிக்கும். கோப்பை நேரடியாக வட்டில் திருத்தினால் மட்டும் யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை தேடலில் பழைய உரைதான் இருக்கும். அப்போது இன்டெக்ஸை நாமே கட்டளை கொடுத்துக் கட்ட வேண்டும்.

டேட்டாபேஸின் உரைத்தேடல்

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் ஆகிய மூன்று டேட்டாபேஸ்களிலுமே உரைத்தேடல் உள்ளேயே இருக்கிறது. சொற்களைப் பிரித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற தலைகீழ் பட்டியலை அவையே கட்டி வைத்துக்கொள்கின்றன. புதிதாக எதையும் நிறுவ வேண்டாம்.

விக்கிக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பக்கத்தைச் சேமிப்பதும் இன்டெக்ஸைப் புதுப்பிப்பதும் ஒரே பரிவர்த்தனையில் நடக்கும். போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து, தேடல் நெடுவரிசையை உரையிலிருந்து தானாகவே உருவாகும்படி வைத்துவிடலாம். எஸ்கியூலைட்டில், அட்டவணை மாறும்போது தானே ஓடும் டிரிகர்கள் இரண்டு மூன்று எழுதினால் போதும். பக்கம் இருக்கிறது, தேடலில் இல்லை என்ற நிலையே வராது. படிக்கும் உரிமையையும் டேட்டாபேஸிடம் கேட்கும் அதே கேள்வியிலேயே சரிபார்த்துவிடலாம். பூட்டப்பட்ட பக்கத்தின் இரண்டு வரி, முடிவுப் பட்டியலின் துணுக்கில் எட்டிப் பார்த்துவிடும் விபத்தைத் தடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது.

மூன்றில் மைஎஸ்கியூஎல்லில்தான் எதிர்பாராத விதிகள் அதிகம். மைஐசாம் வகை அட்டவணையில் 4 எழுத்துக்குக் குறைந்த சொற்கள் இன்டெக்ஸில் ஏறாது, இன்னோடிபி வகையில் 3. இவை இயல்பாக இருக்கும் அளவுகள், மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியபின் இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும். மைஐசாமின் சாதாரணத் தேடலில், பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் வரும் சொல்லைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஆறு பக்கங்களை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு "தேடல் வேலையே செய்யவில்லை" என்று முடிவுக்கு வந்தவர்களை இந்த விதிதான் ஏமாற்றியிருக்கும்.

போஸ்ட்கிரெஸில் தலைப்புக்கு ஏ, உரைக்கு டி என்று எடை கொடுக்கலாம். இயல்பான கணக்கில் ஏ என்றால் 1.0, டி என்றால் 0.1. தலைப்பில் சொல் வரும் பக்கம் மேலே வர இதுவே போதும். ஆனால் அதன் வரிசைப்படுத்தும் கணக்கு ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறது, அந்தச் சொல் மொத்த விக்கியில் எவ்வளவு அரிது என்று பார்ப்பதில்லை. "நிறுவல் பிழை" என்று தேடினால், எல்லாப் பக்கங்களிலும் இருக்கும் "பிழை"க்கும் சில பக்கங்களில் மட்டும் இருக்கும் "நிறுவல்" என்ற சொல்லுக்கும் ஒரே மதிப்புதான். எஸ்கியூலைட்டின் உரைத்தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5, பிஎம்25 என்ற கணக்கைப் பயன்படுத்துகிறது, அரிய சொல்லுக்கு அதில் கூடுதல் மதிப்பு உண்டு. சிறிய விக்கி ஒன்றை நானே எழுதுவதாக இருந்தால் எஸ்கியூலைட்டைத்தான் எடுப்பேன். ஆனால் அதை அப்படியே தமிழில் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்ச் சொல்லை எங்கே வெட்டுகிறது?

எஃப்டிஎஸ்5-ன் இயல்பான சொல்பிரிப்பான், யூனிகோடில் எழுத்து அல்லது எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்கு இடைவெளி. தமிழில் துணைக்கால், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவை யூனிகோடு கணக்கில் எழுத்துகள் அல்ல, குறிகள். எனவே "வீடு" என்ற சொல் "வ", "ட" என்று இரண்டு துண்டுகளாக உள்ளே போகும்.

இதில் கொடுமை என்னவென்றால், தேடினால் முடிவு வரும். "வீடு" என்று கேட்டால் அது "வ", அடுத்து "ட" என்று தேடும். "வீடு" கிடைக்கும், "வீட்டில்" கிடைக்கும். பார்த்தவர் சரியாக இருக்கிறதே என்று நகர்ந்துவிடுவார். "வாடை", "விடு", "வாடி" எல்லாம் அதே இரண்டு துண்டுகள்தான், அவையும் சேர்ந்து வரும் என்பது பக்கங்கள் பெருகிய பிறகுதான் உறைக்கும். அதற்குள் "இந்தத் தேடலில் சம்பந்தமில்லாததுதான் வரும்" என்று பயனர்கள் பெட்டியையே விட்டிருப்பார்கள்.

தீர்வு ஒரு வரிதான். அட்டவணையை உருவாக்கும்போது, சொல்பிரிப்பானுக்கான வகைப் பட்டியலில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட வேண்டும். பிறகு "வீடு" ஒரே சொல்லாக உள்ளே போகும். போஸ்ட்கிரெஸின் சொல்பிரிப்பானுக்கு இந்த நோய் இல்லை, குறிகள் சொல்லை உடைப்பவை அல்ல என்று அதன் நிரலிலேயே தனியாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கி, மைஎஸ்கியூஎல்லோடு ஓடும்போது வேறொரு உத்தியைக் கையாள்கிறது: ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையெல்லாம் பதினறும எண்களாக மாற்றித்தான் இன்டெக்ஸுக்குக் கொடுக்கிறது. பார்க்க விநோதமாக இருந்தாலும் தமிழ்ச் சொல் உடையாமல் நிற்கும்.

சரி, சொல் உடையவில்லை. இப்போது அடுத்த சிக்கல். "வீடு" என்று தேடியவருக்கு "வீட்டில்" கிடைக்காது, அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். வேற்றுமை உருபு, பன்மை விகுதி, பின்னால் ஒட்டும் ஒற்று என்று தமிழில் ஒரு பெயர்ச்சொல் எத்தனையோ உருவம் எடுக்கும். "வீட்டைக் கட்டினான்" என்றால் இன்டெக்ஸில் ஏறுவது "வீட்டைக்".

இதற்கு மூன்று மட்டங்களில் மருந்து இருக்கிறது. முதலாவது, முன்னொட்டுத் தேடல். பயனர் கொடுத்த சொல்லின் கடைசிக் குறியை நீக்கிவிட்டு, அப்படித் தொடங்கும் சொற்களையெல்லாம் தேடுவது. "வீடு" என்பதில் கடைசி உகரக் குறியை எடுத்தால் மிஞ்சுவது "வீட". "வீட்டில்" என்பதைக் கணினி சேமிக்கும் விதத்தில் அது வ, ஈகாரக் குறி, ட, புள்ளி என்றுதான் தொடங்குகிறது. ஆகவே பொருந்திவிடும். "ஆறு", "ஆற்றில்" என்பதும் அப்படியே. "நூல்" என்பதில் புள்ளியை எடுத்தால் "நூலை", "நூலில்", "நூல்கள்" எல்லாம் வரும், கூடவே "நூலகம்" வரும், அதில் தவறில்லை. மகர ஈற்றுச் சொல்லாக இருந்தால் "ம்" முழுவதையும் எடுக்க வேண்டும்: "மரம்" என்பது "மர" ஆனால்தான் "மரத்தில்" சிக்கும். "மரபு"ம் சேர்ந்து வரும்தான். வரிசைப்படுத்தல் சரியாக இருந்தால் அது கீழே போய்விடும். இவ்வளவையும் பத்துப் பதினைந்து வரி நிரலில் செய்துவிடலாம்.

இது பிடிக்காத சொற்களும் உண்டு. "நாள்", "நாட்கள்" ஆகிறது, "சொல்", "சொற்கள்" ஆகிறது, எழுத்தே மாறிவிடுகிறது. அங்கே இரண்டாவது மருந்து வேண்டும்: சொல்லின் அடியை இன்டெக்ஸ் கட்டும்போதே கண்டுபிடித்து வைப்பது. போஸ்ட்கிரெஸ் 12-ல் தமிழுக்கான ஸ்னோபால் அடிச்சொல் நிரலும் சேர்க்கப்பட்டது. மொழி அமைப்பைத் தமிழ் என்று கொடுத்தாலே அது வேலை செய்யத் தொடங்கும். இலக்கணம் முழுவதையும் அறிந்த கருவி அல்ல அது, உருபுகளை விதிப்படி கழற்றும் கருவி. அதனால் உங்கள் விக்கியில் அடிக்கடி வரும் சொற்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

மூன்றாவது, சொல்லையே கணக்கில் எடுக்காமல் மூன்று மூன்று யூனிகோடு குறிகளாக வெட்டி இன்டெக்ஸ் கட்டுவது (இங்கே எழுத்தும் அதோடு சேரும் குறியும் தனித்தனிக் கணக்கு). எஸ்கியூலைட்டில் 3.34 பதிப்பிலிருந்து இது உண்டு. மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து இதைப் போன்ற ஒன்றைத் தருகிறது, அது இரண்டிரண்டாக வெட்டும். சொல்லின் நடுவிலும் பொருந்தும் என்பதால் கிரெப்பின் வசதி இன்டெக்ஸின் வேகத்தோடு கிடைக்கும். விலை என்னவென்றால் இன்டெக்ஸ் பெருக்கும். எஸ்கியூலைட் வகையில் மூன்று குறிக்குக் குறைந்தவற்றைத் தேடவும் முடியாது. "பூ", "தீ", "கை" மூன்றுமே இரண்டிரண்டு குறிகள்தான், எதுவும் கிடைக்காது.

இன்னொரு பள்ளம், கண்ணுக்கே தெரியாதது. "கொடி" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான், தேடலுக்கு இரண்டும் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். மீடியாவிக்கி உள்ளே வரும் உரையைத் தானே அப்படி மாற்றிக்கொள்கிறது. சொந்தமாக எழுதிய விக்கியில் நாம்தான் செய்ய வேண்டும். "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமுமாக "ஒளவை" என்று தட்டியிருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. அதற்கும், இரண்டு விதமாகக் குறியேற்றப்படும் ஸ்ரீக்கும் தனி விதி எழுதிக்கொள்ளுங்கள்.

உலாவிக்குள்ளேயே தேடுவது

விக்கியை நிலையான பக்கங்களாக ஏற்றுமதி செய்து வெளியிடுபவர்களுக்கு மட்டும் இது. இன்டெக்ஸை ஒரு கோப்பாகக் கட்டி, வாசகரின் உலாவியிலேயே தேட விடுவது. சர்வரில் எதுவும் ஓட வேண்டாம். லூனர் போன்ற கருவிகள் இன்டெக்ஸ் முழுவதையும் முதலிலேயே இறக்கும். பேஜ்ஃபைண்ட் அதைத் துண்டு துண்டாக்கி, தேடிய சொல்லுக்கு வேண்டிய துண்டை மட்டும் இறக்கும். 10,000 பக்கத் தளத்திலும் மொத்தம் 300 கிலோபைட்டுக்குள் தேட முடியும் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். நாள் முழுக்க யாராவது திருத்திக்கொண்டே இருக்கும் விக்கிக்கு இது ஒத்துவராது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தளத்தை மறுபடி கட்ட முடியாதே. பூட்டிய பக்கங்கள் இருந்தாலும் வேண்டாம், இன்டெக்ஸ் கோப்பு வழியாக அவற்றின் உரை வெளியே போய்விடும்.

தனித் தேடல் சர்வர்

எலாஸ்டிக்சர்ச், அதிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச், சோலார் மூன்றுமே லூசீன் என்ற நிரல் நூலகத்தின் மேல் நிற்பவை. தேடலுக்காகவே உருவானவை என்பதால் திறனில் மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். தட்டச்சு செய்யும்போதே பரிந்துரை, எழுத்துப்பிழை திருத்தம், பகுப்பு வாரியாக முடிவுகளைப் பிரிப்பது, மொழிக்கொரு சொல்பிரிப்பு எல்லாம் கிடைக்கும். லூசீனின் சாதாரணச் சொல்பிரிப்பான் யூனிகோடின் சொல் எல்லை விதியைப் பின்பற்றுவதால் தமிழ்ச் சொல்லை உடைப்பதுமில்லை. விக்கிப்பீடியா 2013, 2014-ல் எலாஸ்டிக்சர்ச்சுக்கு மாறியது. அதற்காக எழுதப்பட்ட சிரஸ்சர்ச் நீட்சியை எந்த மீடியாவிக்கியிலும் நிறுவிக்கொள்ளலாம்.

சிரஸ்சர்ச்சில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. மீடியாவிக்கியின் சாதாரணத் தேடல், விக்கிக் குறியீடுகளோடு இருக்கும் மூல உரையைத்தான் பார்க்கும். பல பக்கங்களில் பொதுவாக ஒட்டப்படும் வார்ப்புரு வழியாகப் பக்கத்துக்குள் வரும் உரை அங்கே இருக்காது. வாசகர் கண்ணால் பார்த்த வாக்கியத்தைத் தேடினால் "இல்லை" என்று வரும். சிரஸ்சர்ச் வாசகர் பார்க்கும் உருவத்தை இன்டெக்ஸ் செய்கிறது, மூலத்தில் தேடுவதற்குத் தனிக் கட்டளையும் தருகிறது. வார்ப்புருக்களை நிறையப் பயன்படுத்தும் விக்கிக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கலாம். சொந்தமாக எழுதுபவர்களும் இதைக் கவனிக்கலாம்: வாசகர் பார்க்கும் பக்கத்தின் உரையை இன்டெக்ஸுக்குக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்த வழியில் போனால் உண்மை இரண்டு இடங்களில் இருக்கும். டேட்டாபேஸில் ஒன்று, தேடல் சர்வரில் அதன் நகல். எலாஸ்டிக்சர்ச் தனக்கு வந்த மாற்றத்தை இயல்பாக ஒரு நொடியில் தேடலுக்குக் கொண்டுவந்துவிடும், தாமதம் அங்கே இல்லை. மாற்றத்தைக் கொண்டுபோகும் பணி வரிசை நின்றுவிட்டால்தான் சிக்கல். வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றிய பக்கம் பழைய பெயரில் வரும், நீக்கிய பக்கத்தின் துணுக்கு வரும், புதுப் பக்கம் வராது. படிக்கும் உரிமைகளையும் நகலெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பராமரிப்பும் சும்மா இல்லை. ஜாவாவில் ஓடும் இதற்கு, சர்வர் நினைவகத்தில் பாதிவரை கொடுத்துவிட்டு மீதியைக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்கு விட வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. விக்கியும் டேட்டாபேஸும் ஏற்கெனவே ஓடும் ஒரு சிறிய சர்வரில் அதற்கு இடமிருக்காது. பதிப்புகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மீடியாவிக்கி 1.39-க்கான சிரஸ்சர்ச் கேட்டது எலாஸ்டிக்சர்ச் 7.10.2. 2021-ல் உரிமம் மாறுவதற்கு முந்தைய பதிப்பு அது. அந்த மாற்றத்தால்தான் ஓப்பன்சர்ச் பிரிந்தது. 2024-ல் எலாஸ்டிக்சர்ச்சுக்கு மறுபடி ஒரு திறமூல உரிமமும் சேர்க்கப்பட்டது. இதையெல்லாம் பின்தொடர ஒருவர் இருக்க வேண்டும், அவர் விலகினால் இன்னொருவர் வர வேண்டும்.

மெய்லிசர்ச், டைப்சென்ஸ் போன்ற தேடல் சர்வர்களை நிறுவ எளிது, எழுத்துப்பிழையைத் தாங்கும், வேகமும் உண்டு. டைப்சென்ஸ் முழு இன்டெக்ஸையும் நினைவகத்திலேயே வைக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். நகல் வைப்பதால் வரும் தொல்லை இவற்றிலும் அதேதான்.

லட்சக்கணக்கான பக்கங்கள், பல மொழிகள், சர்வரைக் கவனிக்கத் தனி ஆள், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் தனி சர்வருக்குப் போகலாம். இல்லையென்றால் அந்த உழைப்பைச் சொல்பிரிப்பைச் சரிசெய்வதில் போடுங்கள், பலன் அதிகம்.

பொருளை வைத்துத் தேடும் வெக்டர் முறையைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். "காப்பு நகல்" என்று தேடியவருக்கு "பேக்கப்" பக்கத்தைக் காட்டும் வல்லமை அதற்கு உண்டு, அதில் எனக்கும் ஆசைதான். ஆனால் பிழை எண், கோப்பின் பெயர், கட்டளையின் பெயர் போன்றவற்றை எழுத்து மாறாமல் தேடுவது விக்கியில் அன்றாடம் நடப்பது. அதில் அது தடுமாறும். சொல் தேடல் சரியாக அமைந்தபின் அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும்

தேடிய சொல் ஒரு பக்கத்தின் தலைப்பாகவே இருந்தால் முடிவுப் பட்டியலைக் காட்டாமல் நேரே அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும் வழிமாற்றுப் பக்கங்களின் பெயர்களையும் தலைப்பாகவே இன்டெக்ஸில் ஏற்றுங்கள். "பேக்கப்" என்ற வழிமாற்று "காப்பு நகல்" பக்கத்துக்குப் போனால், மேலே நான் சொன்ன மூன்று பக்கங்களும் ஒன்றாகவே இருந்திருக்கும். பேச்சுப் பக்கங்கள், பயனர் பக்கங்கள், வார்ப்புருக்கள் ஆகியவற்றை முதல் தேடலில் சேர்க்காதீர்கள், கேட்பவருக்கு மட்டும் காட்டுங்கள். பழைய பதிப்புகள் இன்டெக்ஸில் ஏறவே கூடாது.

"இந்தப் பெயரில் பக்கம் இல்லை, உருவாக்கலாமா?" என்ற இணைப்பை நிறைய விக்கிகள் முடிவுகளுக்கு மேலே வைக்கின்றன. அதை முடிவுகளுக்குக் கீழே வையுங்கள். எழுத வந்தவர் கண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஐந்து பக்கங்கள் முதலில் படட்டும்.

தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இருபது சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு தலைப்புகள், உருபேற்ற சில சொற்கள், "பூ" போன்ற குறுஞ்சொல் ஒன்றிரண்டு, வார்ப்புருவுக்குள் மட்டும் இருக்கும் ஒரு வாக்கியம், ஒரு பிழை எண், பூட்டிய பக்கத்தில் மட்டும் இருக்கும் ஒரு சொல். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் வர வேண்டும், எது வரக்கூடாது என்று பக்கத்தில் குறித்துவிட்டு, பரிசீலிக்கும் ஒவ்வொரு வழியிலும் ஓட்டிப் பாருங்கள். அரைநாள் வேலை இது. தேடல் ஓடத் தொடங்கியதும், முடிவு எதுவும் வராத சொற்களை மட்டும், தேடியவரின் பெயர் இல்லாமல், ஒரு பட்டியலில் சேர்த்து வாருங்கள். வாரம் ஒருமுறை அதைத் திறந்து, இருக்கும் பக்கத்துக்கு வழிமாற்று போட வேண்டியதற்குப் போட்டு, உண்மையிலேயே இல்லாத பக்கங்களை எழுத வேண்டியவை என்று ஒதுக்கி வையுங்கள்.